கோஹிமாவில் கண்ட துப்பாக்கிகள்

நாகாலாந்துக்குச் செல்வோர் திமாப்பூரில் புகைவண்டியை விட்டு இறங்க வேண்டும். அங்கிருந்து தலைநகரான கோஹிமாவுக்கு 74 கிலோமீட்டர். சமவெளியின் புழுக்கம் சில கல் தொலைவிலேயே அகன்றுவிடுகிறது. மூங்கிற்புதர்களும், மலைச்சரிவில் படிக்கட்டுப் போல் வெட்டிய நெல்வயல்களும், மண்சரிந்து சிவந்து கிடக்கும் வளைவுகளுமாகப் பாதை ஏறிக்கொண்டே போகிறது. 1400 மீட்டர் உயரத்தைக் கடந்ததும், குன்றுகளின் முதுகில் நெருக்கமாக அடுக்கப்பட்ட வீடுகளோடு நகரம் கண்ணில் படுகிறது.

இந்தச் சாலைக்காகவே 1944-ஆம் ஆண்டில் பல்லாயிரம் மனிதர் மாண்டனர். திமாப்பூர் புகைவண்டித் தலைநிலையத்தையும் மணிப்பூரின் இம்பாலையும் இணைத்த ஒரே நல்ல பாதை அது. அதன் நடுவில், மலைமுகட்டின் குறுகிய கணவாயில் அமர்ந்திருக்கிறது கோஹிமா. அவ்விடத்தைப் பிடிப்பவர் கையில் இம்பாலின் உணவும் குண்டும் அடங்கிவிடும். பர்மாவிலிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து, மலைத்தொடர்களைக் கால்நடையாகத் தாண்டி வந்த ஜப்பானியரின் 31-ஆவது டிவிஷன், தளபதி கொதோகு சாட்டோவின் தலைமையில் ஏப்ரல் 4-ஆம் நாள் கோஹிமாவைத் தாக்கியது. ஜூன் 22-ஆம் நாள் சாலை மீண்டும் திறக்கப்படும் வரை போர் ஓயவில்லை.

நம்முடன் வந்த நண்பரைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். காடும் மலையும் நடந்து திரிவதில் இன்பம் காண்பவர் அவர். கல்லூரி ஒன்றில் தேசிய மாணவர் படையின் பொறுப்பாசிரியராகப் பல்லாண்டுகள் இருந்தவர். போர்க்காலத் துப்பாக்கிகளின் வரலாற்றில் அவருக்குள்ள நாட்டம் ஊரறிந்தது. அவருடைய வீட்டில் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. அவற்றைப் பற்றிய நூல்கள் மட்டும் ஓர் அலமாரி நிறைய உண்டு. இதை வாசிக்கும் தாய்மார் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொலைக் கருவியின் மேல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத் தலைவருக்கு என்ன ஆசை என்ற கேள்வி நமக்கும் நெடுநாளாக இருந்ததுதான். அந்தக் கேள்வியோடுதான் புறப்பட்டோம்.

முதல் நாள் கிசாமா சென்றோம். கோஹிமாவுக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், நாகர்களின் பாரம்பரிய வீடுகளை இனவாரியாக அமைத்துக் காட்டும் ஊர் அது. அதனுள்ளே இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மலைக் கிராமங்களிலும் காடுகளிலும் கிடைத்த துப்பாக்கிகள், இரும்புத் தொப்பிகள், குண்டு உறைகள், தண்ணீர்க் குப்பிகள் எல்லாம் அங்கே வைக்கப்பட்டுள்ளன. துருவேறியவை பல. மரப்பகுதி முற்றும் மக்கிப்போய் இரும்புக் குழல் மட்டும் எஞ்சியவை சில.

பள்ளிச் சிறுவர் கூட்டம் ஒன்று அப்போது அங்கே வந்திருந்தது. அவர்களுள் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவன், நண்பர் ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்து, அருகில் வந்து ஆங்கிலத்தில் கேட்டான்: “ஐயா, இவற்றில் எது நல்ல துப்பாக்கி?”

நண்பர் உற்சாகமாகத் தொடங்கினார். இந்தியப் படையினர் ஏந்தியது லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த தாழ்ப்பாள் அமைப்பையும், லண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்டு ஆயுதச்சாலையின் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். இந்தியாவுக்கான துப்பாக்கிகளைக் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலை செய்து குவித்தது. எடை ஏறக்குறைய 4 கிலோ. குழலின் உள்வாய் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 303 பங்கு. நம் நாட்டில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சிற்றூர்க் காவலர் வரை சொல்லிப் பழகிய துப்பாக்கி அதுவே. கல்லூரி நாட்களில் மாணவர் படை முகாமுக்குச் சென்ற நம் வாசகர்கள் பலர், தோளில் அது கொடுத்த உதையை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். 1962-ல் சீனப் படையை இமயத்தில் எதிர்கொண்ட நம் வீரர் கையிலும் அதுவே இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தது.

ஐந்தைந்து தோட்டாக்களாக இருமுறை திணித்தால் பத்து கொள்ளும். தாழ்ப்பாள் சிறிது தூரமே நகர்வதால் பயின்ற கை நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடும். ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கியோ ஐந்து தோட்டா கொள்வது. கர்னல் அரிசாகா நாரியாகிராவின் பெயரால் அழைக்கப்படுவது. 1905-ஆம் ஆண்டு வகை 6.5 மில்லிமீட்டர், 1939-ஆம் ஆண்டு வகை 7.7 மில்லிமீட்டர். பழைய வகை மிக நீண்டது, 1.28 மீட்டர். நுனியில் கத்தியைப் பொருத்திவிட்டால் அதை ஏந்திய வீரர் பலரைவிட அது உயரம். ஆனால் தோட்டா சிறிது, குழல் நீளம். ஆகவே உதை குறைவு, வெளிச்சமும் புகையும் குறைவு. காட்டுக்குள் எங்கிருந்து சுடுகிறான் என்று கண்டுகொள்வது அரிது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பர் நின்றுவிட்டார். “எது நல்லது என்றால்...” என்று இழுத்தார். சிறுவன் காத்திருந்தான். அரிசாகாவின் பின்புறத்தில், தோட்டா நுழையும் வாய்க்கு மேலே பதித்த ஒரு குறியை நண்பர் சுட்டினார். பதினாறு இதழ் கொண்ட சாமந்தி மலர் அது; ஜப்பானியப் பேரரசரின் முத்திரை. துப்பாக்கி பேரரசருக்குச் சொந்தம், வீரன் அதை ஏந்துபவன் மட்டுமே என்பது அதன் பொருள். 1945-ல் ஜப்பான் பணிந்தபோது, ஒப்படைத்த துப்பாக்கிகளில் அந்த மலரை அரத்தால் தேய்த்து அழித்தே கொடுத்தனர். ஆகையால் பொதுவாக, மலர் அழிந்திருந்தால் அது சண்டை முடிந்தபின் ஒப்படைத்த துப்பாக்கி. மலர் அப்படியே இருந்தால் அது போர்க்களத்திலேயே எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். பெரும்பாலும் இறந்தவனின் பக்கத்திலிருந்து.

“அப்படியானால் இதை வைத்திருந்தவர்?” என்றான் சிறுவன்.

நண்பர் தலையை மட்டும் அசைத்தார். துப்பாக்கியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதிலே எழுதியிருப்பது மனிதனைப் பற்றிய செய்திதான் என்று நமக்கு அங்கேதான் விளங்கிற்று. இஷாப்பூர் துப்பாக்கியின் பிடிப்பகுதியில் முடியும், மன்னரின் எழுத்துக்களும், செய்த ஆண்டும் இருக்கும். சிலவற்றின் முன்மரத்தில் செப்புக்கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கையெறிகுண்டை வெகுதூரம் செலுத்த அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அடையாளம். அந்த அதிர்ச்சியில் மரம் பிளந்து முகத்தில் தெறிக்காதிருக்கச் செய்த காப்பு அது. யாரோ ஒருவனுடைய முகத்தைக் காக்க, எங்கோ ஒரு தொழிலாளி கம்பி சுற்றியிருக்கிறான்.

மறுநாள் காலை போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நகரின் நடுவே, கேரிசன் குன்றின் சரிவில் தட்டுத்தட்டாக ஏறிச் செல்கிறது அது. 1,420 கல்லறைகள். புல்வெளியில் தாழ்வான கற்கள். ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகட்டில் பெயர், படைப்பிரிவு, வயது, வீட்டார் எழுதித் தந்த ஒரு வாசகம். இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று வயதுகளைப் படித்துக்கொண்டே ஏறுவது எளிதன்று. மேல்தட்டில், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் தனியே நிற்கிறது. அடிவாரத்தில், நாகர்கள் தங்கள் மரபுப்படி இழுத்து வந்து நிறுத்திய பெருங்கல் ஒன்று, பிரித்தானிய 2-ஆவது டிவிஷனின் நினைவாக இருக்கிறது. இரண்டு வரியில் அமைந்த, உலகப் புகழ்பெற்ற கல்வெட்டு அதில்தான் உள்ளது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, டென்னிஸ் ஆடுகளத்தின் எல்லைக் கோடுகள் வெள்ளைக் காரையில் பதிக்கப்பட்டுள்ளன. போருக்கு முன்பு, துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களா தோட்டத்தில் இருந்த ஆடுகளம் அது. முற்றுகைக் காலத்தில் ஒரு பக்கம் ராயல் வெஸ்ட் கென்ட் படையும் அஸ்ஸாம் படையினரும், மறுபக்கம் ஜப்பானியரும் குழி தோண்டி அமர்ந்திருந்தனர். இடையே இருந்தது அந்த ஆடுகளம். அதன் நீளம் 24 மீட்டருக்கும் குறைவு.

நண்பர் கோட்டருகே நின்று, லீ-என்ஃபீல்டின் குறித்தகட்டில் 2000 கஜம் வரைக்கும் அளவு பொறித்திருப்பார்கள் என்றார். ஒரு கல் தொலைவுக்கு அப்பாலும் செல்லும்படி வகுத்த கருவி, இங்கே பந்தடிக்கும் தூரத்தில் பயனற்றுப் போயிற்று. கையெறிகுண்டுகளும் கத்தியும் மண்வெட்டியுமே பேசின. இருமல் சத்தம்கூட எதிரிக்குக் கேட்கும். முற்றுகையின் கடுமையான நாட்களில் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. காயம்பட்டோர் திறந்த பதுங்குகுழிகளில் கிடந்து, கிடந்த இடத்திலேயே மறுபடியும் அடிபட்டனர். கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸின் காவற்படை சுமார் 2,500 பேர். அவர்களுள் போராடத்தக்கோர் ஏறக்குறைய 1,500. எதிரே வந்தவர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஏப்ரல் 20-ல் முற்றுகை விலகியது. ஆடுகளம் மட்டும் மே 13-ஆம் நாள் ஒரு டாங்கியைச் சரிவில் இறக்கிய பின்னரே மீட்கப்பட்டது. அதன் ஓரத்தில் இருந்த செர்ரி மரம் குண்டுகளால் துண்டுபட்டது. எஞ்சிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த மரம் இன்று நிழல் தருகிறது.

இங்கே அடக்கமானவர்களுள் ஜான் ஹார்மன் என்ற லான்ஸ் கார்ப்பரலைப் பற்றி நண்பர் நிறையச் சொன்னார். இங்கிலாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள லண்டி என்ற சிறு தீவின் உரிமையாளருடைய மகன். திறந்த வெளியில் வளர்ந்தவர். தேனீ வளர்ப்பில் விருப்பம் கொண்டவர். ஏப்ரல் 9-ஆம் நாள், தம் நிலைக்கு அருகே ஜப்பானியர் சிலர் இயந்திரத் துப்பாக்கியோடு குழி தோண்டுவதைக் கண்டு, துப்பாக்கியில் கத்தியைச் செருகித் தனியே சரிவில் இறங்கினார். நால்வரைச் சுட்டார், ஒருவரைக் குத்தினார். திரும்பி வரும்போது குண்டுபட்டு இறந்தார். வயது 29. விக்டோரியா சிலுவை விருது அவருக்கு அளிக்கப்பட்டது. லண்டித் தீவின் கல்குவாரி ஒன்றில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. அந்த வீரத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அன்று சரிவில் இறந்த ஐவருக்கும் ஜப்பானில் எங்கோ ஒரு தாய் இருந்திருப்பாள். அவர்களுடைய பெயர் இத்தோட்டத்தில் எந்தத் தகட்டிலும் இல்லை.

இந்தியர் இருபுறமும் நின்ற போர் இது என்பதையும் மறக்கலாகாது. இம்பால் முனையில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளைஞர் பலர் அந்த இராணுவத்தில் இருந்தனர். சிங்கப்பூரில் பிரித்தானியர் சரணடைந்தபோது விட்டுச்சென்ற லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளே அவர்களுடைய கைக்கு வந்தன. ஒரே துப்பாக்கியை எதிரெதிரே ஏந்தி, ஒரே நாட்டு மக்கள் நின்றார்கள்.

ஜப்பானியரைத் தோற்கடித்தது துப்பாக்கி என்பதைவிடச் சோறு என்பதே பொருந்தும். மூன்று வாரத்துக்கான உணவோடு அவர்கள் மலை ஏறினர். பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. கிராமங்களின் நெற்குதிர்களையும் பன்றிகளையும் கோழிகளையும் எடுத்துத் தின்றனர். ஏழை நாகர்களின் ஓராண்டு உணவு சில வாரங்களில் மறைந்தது. நாகர்கள் பெரும்பாலும் பிரித்தானியர் பக்கம் நின்று, சுமை தூக்கி, வேவு பார்த்து, காயம்பட்டோரைச் செங்குத்தான பாதைகளில் தோளில் சுமந்து இறக்கினர். மே மாத இறுதியில், மேலிடத்துக் கட்டளையை மீறிச் சாட்டோ தம் படையைத் திருப்பினார். படைத்தலைமை அவரைப் பதவி நீக்கி, மனநிலை சரியில்லாதவர் என்று முத்திரை குத்தியது. மழைக்காலத்தில் பட்டினியும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் வழியெல்லாம் அவர்களைக் கொன்றன.

மாலையில் கோனோமா சென்றோம். கோஹிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். 1879-லேயே வெள்ளையரை எதிர்த்து நின்ற அங்காமி நாகர்களின் ஊர். நாகர்கள் பிறவி வேட்டைக்காரர்கள். 1993-ல் ஒரே வாரத்தில் ஏறத்தாழ 300 டிராகோபன் என்னும் அரிய காட்டுக்கோழிகள் இங்கே சுடப்பட்டனவாம். ஊர்ப் பெரியோர் அதிர்ந்துபோய், 1998-ல் தங்கள் காட்டைத் தாங்களே சரணாலயமாக்கி வேட்டையைத் தடுத்துவிட்டனர். அரசு ஆணை வருமுன் ஊரே துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைத்த கதை இது. நமக்கு வழிகாட்டியாக வந்த முதியவர், தம் தந்தை காலத்து நாட்டுத்துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது என்றும், திருமணத்திலும் அடக்கத்திலும் வானை நோக்கி வெடிப்பதோடு சரி என்றும் சொன்னார். காட்டில் பறவையின் குரல் கேட்டதும், பழைய பழக்கத்தில் அவர் கை தோளுக்குப் போனதையும் பார்த்தோம்.

இனி நம் திருச்சபை இங்கே வந்த கதை. நாகாலாந்தில் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட் சபையார். கத்தோலிக்கம் இம்மலைக்கு மருத்துவமனை வழியாக வந்தது. போரில் நாகர் செய்த உதவிக்கு நன்றியாகக் கோஹிமாவில் ஒரு மருத்துவமனை எழுந்தது. அதில் பணிபுரியத் தாதியர் தேவைப்பட்டனர். ஷில்லாங் ஆயராக இருந்த ஸ்தேவான் ஃபெராண்டோ ஆண்டகையின் முயற்சியால், 1948-ல் இரு ஸ்பானியக் கன்னியர் வந்து சேர்ந்தனர். அவர்களுடைய சபை புனித சவேரியார் பிறந்த ஹவியேரில் 1944-ஆம் ஆண்டில் தொடங்கியது. கோஹிமாவில் மனிதர் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அதே ஆண்டு அது. காயத்துக்கு மருந்திட வந்த அந்த இரு பெண்களிடமிருந்து வளர்ந்த சமூகம், 1973-ல் கோஹிமா-இம்பால் மறைமாவட்டமாகி, 1980-ல் இரண்டாகப் பிரிந்தது.

நாம் முடிவாகச் சென்ற இடம் அராதுரா குன்று. கோஹிமாவின் தெற்கு வாயிலான அந்த மலைக்கூரில்தான் போரின் கடைசிப் பெருஞ்சண்டை நடந்தது. மே மாத இறுதியில் பிரித்தானியர் மழையில் வழுக்கி வழுக்கி ஏறித் தாக்கி, தோற்று இறங்கினர். ஜூன் தொடக்கத்தில் ஜப்பானியர் தாமாகவே விலகிய பிறகே அது கைக்கு வந்தது. இன்று அங்கே நிற்பது கிறிஸ்தவர்களின் சகாய அன்னை பேராலயம். வட்ட வடிவமான கட்டடம். முகப்பு நாகர் வீட்டின் கூரையைப் போல் உயர்ந்து கவிந்திருக்கிறது. உள்ளே மரத்தில் செதுக்கிய 16 அடி உயரப் பாடுபட்ட சுரூபம், பீடத்துக்கு மேலே. முதல் ஆயரான சலேசிய சபைத் துறவி ஆபிரகாம் ஆலங்கிமட்டத்தில் ஆண்டகை இதைக் கட்டுவிக்க முனைந்தபோது, பணத்தில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்தது. கோஹிமாவில் இறந்த வீரரின் உறவினர் கொடுத்த பணம் அது. இருபுறத்து இறந்தோருக்காகவும் அங்கே செபிக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள்.

இதை இணக்கத்தின் எளிய கதையாகச் சொல்லிவிட நமக்கு விருப்பமில்லை. பிரித்தானியப் போர்வீரர் பலர் சாகும் வரை ஜப்பானியரோடு கைகுலுக்க மறுத்தனர். பர்மா இரயில்பாதையில் சிறைப்பட்டு எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களும் அவர்களைப் புதைத்த தோழர்களும் அப்படி இருந்ததை நாம் குறைகூற முடியாது. மசாவோ ஹிராகுபோ என்ற ஜப்பானியர் கோஹிமாவில் 58-ஆவது ரெஜிமென்டின் உணவு வழங்கும் அதிகாரியாக இருந்தவர். இல்லாத அரிசியைத் தேடி அலைந்தவர். பிற்காலத்தில் வணிகப் பணியாக லண்டனில் குடியேறி, ஓய்வுபெற்றபின் 2008-ல் இறக்கும் வரை, இருநாட்டு முன்னாள் வீரரையும் ஒரே மேசையில் அமர்த்துவதையே தொழிலாகக் கொண்டார். எதிர்ப்பு இருபுறத்திலும் இருந்தது. கடிதம் எழுதினார், வீடு தேடிச் சென்றார், கல்லறைகளுக்குச் சேர்ந்து பயணம் ஏற்பாடு செய்தார். கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

பேராலயத்தில் நாம் இருந்தபோது, பங்குப் பணியிலிருந்த இளங்குரு ஒருவரிடம், நெடுநாளாக மனதிலிருந்த கேள்வியை நண்பர் முன்னிலையிலேயே கேட்டோம்: துப்பாக்கிகளின் மேல் இவ்வளவு நாட்டம் ஒருவருக்குத் தகுமா? குரு சிரித்தார். இங்கே வரும் ஜப்பானியப் பயணிகளும் வெள்ளையரும் முதலில் கேட்பது எந்தப் படை எங்கே நின்றது, எந்த ஆயுதம் என்றுதான் என்றார். “தாத்தா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, இரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது என்பார்கள், ஐயா. பிறகு பெயரைக் கேட்பார்கள். திருப்பலிக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.” நண்பர் அன்று எழுதிக் கொடுத்த சீட்டில் பெயர் எதுவும் இல்லை. சாமந்தி மலர் அழியாத துப்பாக்கியை ஏந்தியவர் என்று மட்டும் இருந்தது. அதை எந்த மொழியில் வாசிப்பது என்று குரு கேட்டார். தெங்யிடியே மொழியிலேயே வாசியுங்கள், அவர் இந்த மண்ணில்தானே கிடக்கிறார் என்றார் நண்பர்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். நாகாலாந்துக்குள் நுழைய வெளிமாநிலத்தார் அனைவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். புறப்படுமுன் பெற்றுவிடுவது நலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கடுமை; மண்சரிவால் சாலை அடைபடும். டிசம்பர் முதல் பத்து நாட்கள் கிசாமாவில் ஹார்ன்பில் விழா நடப்பதால் தங்குமிடம் கிடைப்பது அரிது. கல்லறைத் தோட்டத்தில் படிகள் அதிகம். முதியோரை அடிவாரப் பெருங்கல்லின் அருகே அமரச் செய்துவிட்டு, பிள்ளைகளை ஆடுகளம் வரை அழைத்துச் செல்லலாம். ஞாயிறன்று கோஹிமாவில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். காலை உணவுக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்க.